‘போடு’வும் ‘புட்’டும்

ஆங்கிலம் என்றவுடன் நம் மாணவ நண்பர்கள் அகராதியில் நீண்ட சொற்களைத் தேடுகின்றனர். ‘போஸ்ட்போன்’, ‘எக்ஸ்டிங்குவிஷ்’, ‘டாலரேட்’ எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் ‘புட் ஆஃப்’, ‘புட் அவுட்’, ‘புட் அப் வித்’ என்று எவரேனும் பேசினால் திகைத்து நிற்பர். பொருளோ அவையேதான்: ஒத்திவைத்தல், அணைத்தல், பொறுத்துக்கொள்ளுதல். தமிழ்வழியில் பயின்றவர்கள் நேர்முகத் தேர்வில் வாயடைத்துப் போவதற்கு இச்சிறு வினைகளோடு பழகாமையே பெருங்காரணம் என்பது என் கருத்து.

1930-இல் ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர் 850 சொற்களே கொண்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ என்ற எளிய ஆங்கிலத்தை வகுத்தார். அதில் வினைகள் 18 மட்டுமே! கம், கோ, கெட், கிவ், மேக், புட், டேக் முதலியன அவை. ‘என்டர்’ அவருக்குத் தேவைப்படவில்லை. ‘கோ இன்’ போதுமானதாயிற்று. 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட விளக்கம் பெற்ற சொல் எது தெரியுமா? மூன்றே எழுத்துள்ள ‘செட்’!

நமக்கு இது புதுமையன்று. ‘போடு’ என்னும் நம் வினையைப் பாருங்கள். கோலம் போடுகிறோம், சட்டை போடுகிறோம், டீ போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், மின்விசிறியைப் போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். இத்தனையையும் ‘புட்’ தாங்குமா? ‘புட் தி ஃபேன்’ என்பது விடுதிகளில் நாள்தோறும் ஒலிக்கும் ஆங்கிலம். (நமக்குள் புரிந்துவிடுகிறது, அதுதான் தொல்லை!) மின்விசிறிக்கு ‘ஸ்விட்ச் ஆன்’, சட்டைக்கு ‘புட் ஆன்’, டீக்கு ‘மேக்’ என்று வரவேண்டும். கையெழுத்துக்கோ ‘சைன்’ என்ற வினை ஒன்றே போதும்.

‘கேள்’ இன்னும் சுவையானது. பாட்டுக் கேட்டேன், சத்தம் கேட்டது, வழி கேட்டேன் என்று நாம் ஒரே வினையால் சொல்பவற்றுக்கு ஆங்கிலத்தில் மூன்று வினைகள் வேண்டும். காதில் தானாக விழுந்தால் ‘ஹியர்’. செவிசாய்த்துக் கேட்டால் ‘லிசன்’. எதைக் கேட்டோம் என்று சொல்லுமுன் ‘டு’ சேர்க்க வேண்டும். வினவினால் ‘ஆஸ்க்’, இங்கே ஆளைக் குறிக்க ‘டு’ கூடாது, ‘ஆஸ்க் ஹிம்’ என்பதே சரி. ‘அவரிடம்’ என்பதிலுள்ள உருபை நாம் ஆங்கிலத்துக்கும் சுமந்து செல்வதால்தான் ‘ஆஸ்க் டு ஹிம்’ பிறக்கிறது.

வினைக்கு ஒரு பக்கம் என ஒதுக்கி, கேட்ட தொடர்களை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ‘சீம்’ அரைப் பக்கத்தோடு நின்றுவிட்டது. ‘கெட்’ நான்கு பக்கங்களைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது.