இணையவெளியில் உரிமையும் பொறுப்பும்

நுழையும்முன்

எண்ணியதை எண்ணிய நொடியிலேயே உலகறியச் செய்யும் வாய்ப்பை இணையம் நமக்குத் தந்துள்ளது. அச்சகமும் இதழாசிரியரும் இடையில் இல்லாத இவ்வெளியில் எழுதுபவரே பதிப்பாளராகவும் விளங்குகிறார். அவ்வெழுத்தால் பிறருக்குத் தீங்கு நேர்ந்தால் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? எழுதியவரின் உரிமைக்குச் சட்டம் எதுவரை காவல் நிற்கும்? உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றின் வழியே இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

உரிமையும் எல்லையும்

இந்திய அரசமைப்பின் சட்டப்பிரிவு 19(1)(ஏ) குடிமக்கள் அனைவருக்கும் பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் வழங்குகிறது. இவ்வுரிமை எல்லையற்றதன்று. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் புரியத் தூண்டுதல் ஆகிய எட்டுக் காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்கிறது சட்டப்பிரிவு 19(2).

இவ்வெல்லைக்கோட்டின் வரலாற்றில் சென்னைக்கும் இடமுண்டு. பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் இதழ் தன் எல்லைக்குள் நுழைவதைச் சென்னை மாநில அரசு தடை செய்தது. அத்தடை செல்லாது என்று 1950ஆம் ஆண்டு ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே வந்த முதலாம் அரசமைப்புத் திருத்தம், ‘பொது ஒழுங்கு’ முதலிய காரணங்களைச் சேர்த்தது. கட்டுப்பாடுகள் ‘நியாயமானவையாக’ இருத்தல் வேண்டும் என்னும் சொல்லையும் சேர்த்தது.

பிரிவு 66ஏ

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி அதில் 66ஏ என்னும் பிரிவு இடம்பெற்றது. கணினி, கைப்பேசி வழியாக மிகவும் புண்படுத்தும் செய்தியை அனுப்புவோருக்கும், எரிச்சலோ அசௌகரியமோ விளைவிக்கும் வகையில் சில செய்திகளை அனுப்புவோருக்கும் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அது வழிவகுத்தது. ஆனால், எரிச்சல் என்பது யாது, புண்படுத்துதல் என்பது யாது என அச்சட்டம் வரையறுக்கவில்லை.

2012ஆம் ஆண்டு நவம்பரில் அரசியல் தலைவர் ஒருவரின் மறைவையொட்டி மும்பை நகரம் முடங்கியது. அதுகுறித்து வினவி, மகாராட்டிரத்தின் பால்கரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் முகநூலில் கருத்துப் பதிந்தார். அவருடைய தோழி அதற்கு விருப்பக்குறி இட்டார். இருவரும் கைது செய்யப்பட்டனர். நாடெங்கும் இது விவாதத்தை எழுப்பியது. ஷ்ரேயா சிங்கால் என்னும் இளம்பெண் உச்ச நீதிமன்றத்தை நாடினார்.

தீர்ப்பு

நீதிபதிகள் செலமேஸ்வரும் ரோகிண்டன் நாரிமனும் 2015 மார்ச் 24 அன்று தீர்ப்பளித்தனர். ஒரு பொருளை விவாதிப்பதும், அதற்காக வாதிடுவதும் பிறருக்குக் கசப்பாக இருந்தாலும் கருத்துரிமையே. தூண்டுதல் என்னும் நிலையை எட்டும்போதுதான் கட்டுப்பாடு தலையிடலாம் என்று அவர்கள் விளக்கினர். ஒருவருக்கு எரிச்சலூட்டுவது மற்றொருவருக்கு எரிச்சலூட்டாமல் போகலாம். எது குற்றம் என்று குடிமகனால் அறிய இயலாத சட்டம், குற்றமற்ற பேச்சையும் அச்சத்தால் அடக்கிவிடும். எனவே, 66ஏ பிரிவு முழுமையாக நீக்கப்பட்டது.

பொறுப்பு யாருக்கு?

அப்பிரிவு நீங்கியதால் எழுதுவோரின் பொறுப்பு நீங்கிவிடவில்லை. அவதூறு இன்றும் குற்றமே. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அதற்கு ஈராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. பொதுநலன் கருதிக் கூறப்படும் உண்மை அவதூறாகாது என்னும் விலக்கும் அதில் உண்டு.

பிறர் எழுதியதைப் பகிர்வோரும் கவனமாக இருத்தல் வேண்டும். ஒரு செய்தியை முன்னனுப்புவது அதனை ஏற்றுக்கொள்வதற்கு ஒப்பாகும் என்று 2018ஆம் ஆண்டு வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் கருத்துத் தெரிவித்தது.

பதிவுகளுக்கு இடந்தரும் நிறுவனங்கள் ‘இடையீட்டாளர்’ எனப்படுகின்றன. உரிய கவனத்துடன் செயல்பட்டால், பயனர்களின் பதிவுகளுக்காக அவை தண்டிக்கப்படா என்கிறது 79ஆம் பிரிவு. நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்தபின்னும் சட்டத்திற்கு மாறான பதிவை நீக்காவிட்டால் இப்பாதுகாப்பு விலகும். தனியொருவர் முறையிட்ட அளவிலேயே பதிவை நீக்கவேண்டும் என்றால், நிறுவனமே நீதிபதியாகிவிடும். அதனாலேயே 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு இவ்வாறு வரையறுத்தது.

தெரிந்து தெளிவோம்

இடஒதுக்கீட்டைப் பேசுபொருளாகக் கொண்ட ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் தமிழ்த் திரைப்படம் குறித்த வழக்கில், 1989ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஓர் உவமையைக் கையாண்டது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல, பேச்சுக்கும் ஆபத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தாலன்றி அதனைத் தடுத்தல் கூடாது என்பதே அது.

தீர்ப்புக்குப் பின்

நீக்கப்பட்ட பிரிவின்கீழ் அதன்பின்னும் வழக்குகள் பதியப்பட்டன. யார்மீதும் அப்பிரிவின்கீழ் வழக்குத் தொடரக் கூடாது என்று 2022ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. உரிமை தீர்ப்பேட்டில் இருந்தால் மட்டும் போதாது. காவல் நிலையத்திலும் வகுப்பறையிலும் அது அறியப்பட்டிருக்க வேண்டும். தன் உரிமையை அறிந்தவர் அஞ்சாமல் எழுதுவார். தன் பொறுப்பை அறிந்தவர் ஆராய்ந்து எழுதுவார். இவ்விரண்டும் இணைந்தவரே இணையவெளிக்குத் தேவையான குடிமக்கள்.

கற்பவை கற்றபின்

1. விவாதம், வாதிடல், தூண்டுதல் ஆகிய மூன்றிற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுகளுடன் எழுதுக.
2. ‘விருப்பக்குறி இடுவதும் கருத்துரைப்பதே’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.