வீட்டுக் கணிப்பொறியும் வைரஸ் காப்பும்

நோய்க்கிருமியாகிய வைரஸ் தனித்து வாழ வல்லதன்று என்பதை உயிரியல் பயிலும் நண்பர்கள் அறிவர். அது ஓர் உயிரணுவினுள் புகுந்து, அவ்வணுவின் உறுப்புகளையே ஏவல் கொண்டு தன்னைப் பெருக்கிக்கொள்ளும். கணிப்பொறி வைரஸும் இத்தகையதே. அது மாயம் அன்று. மனிதர் எழுதிய ஒரு நிரல். நம் பொறியில் அது இயங்க வேண்டுமாயின், பெரும்பாலும் இரண்டில் ஒன்று நிகழ வேண்டும். ஒன்று, நாமே அறியாமல் அதனை இயக்கிவிட வேண்டும்; அல்லது, பொறியின் மென்பொருளில் அடைக்கப்படாத ஓட்டை இருக்க வேண்டும். தந்தையார் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், தம்பி விளையாடுவதும், நாம் ப்ராஜெக்ட் அறிக்கை தட்டச்சு செய்வதும் ஒரே கணிப்பொறியில் என்ற நிலையில்தான் நம்மில் பலர் இருக்கிறோம். ஆகவே இவ்விரு வழிகளையும் அறிந்துகொள்வது அவசியமாகிறது.

இத்துறையில் முதலில் குறிப்பிடத்தக்கவர் பிரெட் கோஹன். 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆய்வு மாணவர். 'வைரஸ்' என்னும் பெயரைச் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லியோனார்டு ஆடில்மன். (ஆர்.எஸ்.ஏ. என்னும் மறையீட்டு முறையின் பெயரில் உள்ள 'ஏ' இவரைக் குறிப்பதே.) பயனுள்ள ஒரு நிரலுக்குள் வைரஸை மறைத்து, பலர் பகிர்ந்து பயன்படுத்திய கணிப்பொறியில் வைத்தார் கோஹன். ஐந்து முறை சோதித்தார். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குள் அப்பொறியின் முழு அதிகாரமும் வைரஸின் கைக்கு வந்துவிட்டது. ஒருமுறை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இங்கே எவரும் பூட்டை உடைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. புதிய நிரல் ஒன்று கிடைத்ததே என்று பயனாளர்கள் தாமே அதனை இயக்கினார்கள்.

கோஹன் நிறுவிய மற்றோர் உண்மை கணித மாணவர்களுக்குச் சுவையானது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது வைரஸா, அன்றா என்று தவறாமல் சொல்லும் ஒரு சோதனை நிரல் இருப்பதாகக் கொள்வோம். அதற்குச் 'சோதகன்' எனப் பெயரிடுவோம். இப்போது வேறொருவர் ஒரு நிரல் எழுதுகிறார். அது இயங்கத் தொடங்கியதும் தன்னையே சோதகனிடம் காட்டி, "நான் வைரஸா?" என்று கேட்கும். "ஆம்" என்று விடை வந்தால் ஒன்றும் செய்யாமல் அடங்கிவிடும். "அன்று" என விடை வந்தால் பரவத் தொடங்கும். எவ்விடை சொன்னாலும் சோதகன் சொன்னது பிழையாகிவிடுகிறது. ஆகவே அத்தகைய சோதகன் இருத்தல் இயலாது. நாம் வகுப்பில் முரண்பாட்டு முறையில் நிறுவுகிறோமே, அதே முறைதான்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? நூற்றுக்கு நூறு பாதுகாப்பு என்று விற்கப்படும் எந்த ஆண்டிவைரஸும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாது. அதற்காக அது வேண்டாம் என்பதன்று. தெரிந்த வைரஸ்களைப் பெருமளவில் அது பிடித்துவிடுகிறது. விண்டோஸ் பொறிகளில் டிஃபெண்டர் என்பது உடனேயே வருகிறது. வீட்டுக்கு அது போதும் என்பது என் கருத்து. இரண்டு ஆண்டிவைரஸ்களை ஒருசேர ஓடவிட்டால் ஒன்றையொன்று தடுத்துப் பொறியை மந்தமாக்கும்.

நம்மைக் கொண்டே கதவைத் திறக்கச் செய்யும் தந்திரத்துக்கு 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸைக் காட்டலாம். அது காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சல் இணைப்பாக வந்தது. கோப்பின் பெயர் இறுதியில் 'டி.எக்ஸ்.டி.' என்று முடிவதுபோலக் காட்சியளித்தது. அதாவது வெறும் எழுத்துக் கோப்பு. உண்மையில் அதற்குப் பின்னால் 'வி.பி.எஸ்.' என்ற இன்னொரு வாலும் இருந்தது. அது இயங்கும் நிரல் என்பதைக் குறிக்கும் வால். விண்டோஸ் அந்தக் கடைசி வாலை மறைத்துவிடும் வழக்கமுடையது. திறந்தவர்களின் முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் அக்கடிதம் சென்றது. தெரிந்தவரிடமிருந்து வந்ததால் அவர்களும் திறந்தார்கள்! இன்றும் விண்டோஸ் அவ்வாலை மறைத்தே வைக்கிறது. விண்டோஸ் 11-இல் கோப்புகள் தெரியும் சாளரத்தில் 'வியூ', அதனுள் 'ஷோ', அதனுள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தால் முழுப் பெயரும் தெரியும். அரை நிமிட வேலை.

இரண்டாவது வழியாகிய ஓட்டைக்கு 2017-ஆம் ஆண்டின் 'வான்னாக்ரை' தக்க சான்று. மே 12 அன்று பரவத் தொடங்கி, ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பொறிகளைப் பிடித்தது. கோப்புகளை மறையீடு செய்து பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. இது பரவ எவரும் எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே, அதாவது ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே, வெளியிட்டிருந்தது. திருத்தத்தைப் போட்டுக்கொண்ட பொறிகளில் அவ்வோட்டை வழியே அது நுழைய இயலவில்லை. பொறி 'அப்டேட்' கேட்கும்போது "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

மாணவர்க்கு நெருக்கமான இடத்துக்கு வருவோம். அறிக்கையை அச்சிட ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவ் கொண்டு செல்கிறோம். நாள் முழுதும் பலருடைய பென்டிரைவுகள் செருகப்படும் பொறி அது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபோல்டர்கள் யாவும் குறுக்குவழிப் படங்களாக, மூலையில் சிறு அம்புக்குறியுடன் நிற்கும். அவற்றை அழுத்தினால் வீட்டுப் பொறிக்கும் தொற்றும். உண்மைக் கோப்புகள் பெரும்பாலும் அழிவதில்லை, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆகையால் பதறாமல் முதலில் ஆண்டிவைரஸைக் கொண்டு சோதிக்க வேண்டும். கடைக்குப் போகும் பென்டிரைவில் அச்சிட வேண்டிய பி.டி.எஃப். தவிர வேறெதுவும் வைக்காதிருப்பது இன்னும் நல்லது.

'கிராக்' மென்பொருள் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விலை கொடுக்க இயலாத நிலை நம் பலருக்கும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றுடன் வரும் குறிப்பில் "முதலில் ஆண்டிவைரஸை அணைக்கவும்" என்றிருக்குமே! காவல்காரனை வெளியே அனுப்பச் சொல்லும் விருந்தாளியை எவரேனும் வீட்டுக்குள் விடுவார்களா? லிப்ரே ஆபீஸ் இலவசம். யூனிகோடு தமிழ் எழுத்துருக்களும் இலவசம். அறிக்கை எழுத இவை தாராளமாகப் போதும்.

அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரமில்லாத சாதாரணக் கணக்கையே பயன்படுத்த வேண்டும். தம்பிக்குத் தனிக் கணக்கு கொடுத்துவிட்டால் அவன் எதையேனும் நிறுவ முயலும்போது பொறி கடவுச்சொல் கேட்டு நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் வைரஸ் நுழையக்கூடும் என்பதைத்தான் கோஹனின் நிறுவல் காட்டுகிறது. அந்நாளில் நம்மைக் காப்பது நகல் ஒன்றே. வெளி ஹார்டுடிஸ்கில் வாரம் ஒருமுறை நகலெடுத்து, எடுத்தவுடன் அதனைக் கழற்றி வைத்துவிட வேண்டும். செருகியே வைத்திருந்தால், பணம் பறிக்கும் வைரஸ் பொறியைப் பூட்டும்போது அதனையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆறு மாத உழைப்பாகிய அறிக்கை ஒரே இடத்தில் மட்டும் இருக்கலாகாது.

திரையில் திடீரென்று "உங்கள் கணிப்பொறியில் வைரஸ் உள்ளது, இந்த எண்ணுக்குத் தொலைபேசுங்கள்" என்று தோன்றினால் அது மோசடியே. மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை. மெய்யாகவே தொற்று ஏற்பட்டதாகத் தோன்றினால் முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு பொறியிலிருந்து மாற்ற வேண்டும். அதே பொறியில் மாற்றினால் புதிய சொல்லும் திருடன் கைக்கே போகலாம். மைய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தூய்மைப்படுத்தும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவில் தெரிவிக்கிறோமோ, அந்த அளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்கு நகருமுன் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.