துணிவும் எச்சரிக்கையும்



2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள், சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கம்பி வழியே இணையத் தொடர்பு திறக்கப்பட்டது. அதற்கு முன் நமக்குச் செயற்கைக்கோளே வழி. 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கச் செய்திக்குக் கால் நொடி ஆகும். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் அதற்குள் ஏறத்தாழ 35 மீட்டர் கடந்துவிடும். குறி வைத்த இடத்தில் அது இராது. அத்தடை குறைந்தமையால், பெரார்கஞ்சில் இருந்தபடியே அயல்நாட்டாருடன் கணினியில் விமானப் போர் ஆடுதல் நம் இளைஞர்க்கும் இயல்வதாயிற்று. ஆகவே அவ்வாட்டத்தை இப்பாடத்தில் ஆராய்வோம்.

“கொலைத் தொழிலைப் பயிலும் ஆட்டம் நமக்கு எதற்கு?” எனச் சிலர் வினவலாம். அங்கு உயிர் எதுவும் மாய்வதில்லை. ஆயினும் வீழ்ந்தவனுக்கு எழும் சினமும் வென்றவனுக்கு எழும் செருக்கும் மெய்யானவை. அவற்றை அடக்காதவன் ஆட்டத்திலும் தோற்பான். அஃது எவ்வாறு என்பதைக் காண்போம்.

1. உயரமே செல்வம். ‘ஐ.எல்.-2 ஸ்டர்மோவிக்’ போன்ற ஆட்டங்கள் மெய் விமானத்தின் எடையையும் வேகத்தையும் கணக்கிட்டு அமைந்தவை. மேலே இருப்பவன் பாய்ந்து வேகம் பெறலாம்; வேகமுள்ளவன் ஏறி உயரம் பெறலாம். வன்மையாகத் திரும்புந்தோறும் இரண்டும் செலவாகும். உயரம் சேமித்த கூலி. வேகம் கைச்செலவுக் காசு. 1942 மார்ச் 23-இல் ஜப்பானியர் இத்தீவைக் கைப்பற்றினர். இரு வாரத்திற்குள், ஏப்ரல் 5-இல், அவர்தம் கப்பற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானைத் தளத்து ஹரிக்கேன் விமானங்கள், பகைவர் தலைக்கு மேல் வந்த பின்னரே கிளம்ப நேர்ந்தது. விமானிகளிடம் துணிவு குறையவில்லை. உயரமும் வேகமும் இல்லாமையால் பல விமானங்கள் வீழ்ந்தன.

2. தன் வலிமை அறிதல். ஜப்பானியப் போர் விமானங்கள் சிறு வட்டத்தில் திரும்ப வல்லவை. 1941, 1942-ஆம் ஆண்டுகளில் பர்மாவிலும் சீனத்திலும் போரிட்ட அமெரிக்கத் தன்னார்வ விமானிகளுக்குத் தலைவர் செனால்ட், திரும்பும் போட்டியில் இறங்கலாகாது என்றும், மேலிருந்து பாய்ந்து சுட்டு விலகிவிட வேண்டும் என்றும் பயிற்றினார். அவர்களுடைய பி-40 விமானம் பாய்ச்சலில் விரைந்தது. அதுவே அவர்களுக்கு வாய்த்த வலிமை.

3. காலம் அறிதல். 1916-இல் ஜெர்மானிய விமானி ஓஸ்வால்ட் போல்க்கே இளையோர்க்கு எட்டு விதிகள் வகுத்தார். தாக்குமுன் சாதகம் தேடிக்கொள்க, தொடங்கிய தாக்குதலை முடித்துவிடுக என்பன அவற்றுள் இரண்டு. புதியவர்களோ ஆராயாது பாய்கின்றனர். நெருங்கியபின் அஞ்சித் திரும்புகின்றனர். முதுகு காட்டியவனைச் சுடுவது எளிது. எச்சரிக்கையும் துணிவும் பாலும் நீரும்போல் ஒருங்கே கலக்கற்பாலன அல்ல. பாயுமுன் எச்சரிக்கை, பாய்ந்தபின் துணிவு, பாய்ச்சல் முடிந்ததும் விலகி மீண்டும் கணக்கிடுதல். என்றும் மேலேயே வட்டமிட்டுத் தோழரைக் கீழே தனியே போரிட விடுபவன் எச்சரிக்கை உடையவன் அல்லன், அஞ்சியவன்.

4. மீளும் வழி மறவாமை. இதுவும் போல்க்கே வகுத்த விதியே. அவர் மாணவர் ரிக்ட்டோஃபென் 80 விமானங்களை வீழ்த்தியவர். அவரே 1918 ஏப்ரல் 21-இல், ஒரு விமானத்தைத் துரத்தியவாறு எதிரி எல்லைக்குள் தாழப் பறந்து சுடப்பட்டு மாண்டார். எண்பது வெற்றியும் எண்பத்தோராவதன் மீதெழுந்த ஆவலினின்று அவரைக் காக்கவில்லை.

ஆட்டத்தில் வீழ்ந்தவனுக்கு மறு விமானம் உடனே கிடைக்கும். ஆதலின் பழிவாங்கும் எண்ணத்தோடு, உயரம் கொள்ளாமல், வீழ்ந்த இடத்திற்கே விரைகின்றான், மீண்டும் வீழ்கின்றான், இரவும் கழிகின்றது. இழப்பு மலிவாக இருக்குமிடத்தில் சினம் எளிதில் பழக்கமாகிவிடும். அப்பழக்கம் இல்லத்திற்கும் தொழிலிடத்திற்கும் உடன்வரும். சினத்தால் இருமுறை வீழ்ந்தவன் அன்றைய ஆட்டத்தை நிறுத்துக.

பயிற்சி: பாயுமுன் ஒவ்வொரு முறையும் இம்மூன்றையும் தன்னைக் கேட்டுக்கொள்க.

அ. பகைவனைவிட நான் உயரத்தில் உள்ளேனா?
ஆ. என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேறொருவன் உளனா?
இ. தவறினால் எவ்வழியே விலகுவேன்?

ஒன்றுக்கேனும் விடை இல்லையெனின் காத்திருக்க. மூன்றுக்கும் விடை உளதாயின் தயங்காது பாய்க.