மின்னஞ்சல் தேடலும் குறிச்சொல்லும்: குன்னூர் ஏல உதாரணத்தோடு முக்கியக் குறிப்புகள்

கணினிப் பாடம் உள்ள போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களில் பாதிப் பேர் 'கட்டளை வரி' என்ற தலைப்பைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். மதிப்பெண்ணை எளிதாக அள்ளக்கூடிய இடம் அது. நீலகிரியில் இருப்பவர்களுக்கு அதைப் படிக்கக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் மின்சாரமும் இணையமும் போய்விட்டால், உலாவியில் பார்க்கும் மெயிலும் கூடவே போய்விடும். மெயில்கள் நம் கணினியிலேயே கோப்புகளாக இருந்து, அவற்றுக்குச் சொல்லடைவும் தயாராக இருந்தால், மடிக்கணினியில் பேட்டரி இருக்கும்வரை தேடலாம்.

அடிப்படை: வேகமாகப் பார்த்துவிடுங்கள்

– பிணையம் வழியே முதல் மின்னஞ்சலை அனுப்பியவர் ரே டாம்லின்சன், 1971, அர்பாநெட். @ குறியைத் தேர்ந்தவரும் அவரே.

– இந்தியாவில் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான எர்நெட் 1986இல் தொடங்கியது. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணைய இணைப்பு: 1995 ஆகஸ்ட் 15.

– மின்னஞ்சல் வடிவத்துக்கான தரநிலை: ஆர்.எஃப்.சி. 822 (1982), 2822 (2001), 5322 (2008). மூன்றும் 22இல் முடிகின்றன. இதைவிட எளிதாக நினைவில் நிற்கும் எண் வரிசை பாடத்திட்டத்தில் வேறு இல்லை.

– போர்ட் எண்கள்: எஸ்.எம்.டி.பி. 25 (பயனர் அனுப்ப 587), பாப்3 110, ஐமேப் 143, பாதுகாப்பான ஐமேப் 993.

– மெயில்டிர்: கியூமெயில் மென்பொருளுக்காக டேனியல் பெர்ன்ஸ்டைன் வகுத்த சேமிப்பு முறை. ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு. உள்ளே மூன்று கோப்புறைகள்: டெம்ப், நியூ, கர். எம்பாக்ஸ் முறையில் எல்லா மெயிலும் ஒரே பெரிய கோப்பில் வரிசையாக இருக்கும். இந்த வேறுபாட்டைக் கேட்கக்கூடும்.

நாட்மச்

– நம் கணினியில் உள்ள மெயில்களுக்குச் சொல்லடைவு தயாரித்து, தேடவும் குறிச்சொல் ஒட்டவும் உதவும் கட்டளை வரிக் கருவி. உருவாக்கியவர் கார்ல் வொர்த். வெளியானது 2009 நவம்பர். மொழி பெரும்பாலும் சி. உரிமம் ஜி.பி.எல். 3. ரூபி மொழியில் எழுதப்பட்ட 'சப்' என்ற மெயில் மென்பொருள்தான் இதற்கு முன்மாதிரி.

– தேடல் வேலையைச் செய்வது ஸாப்பியன் என்ற நூலகம். மு என்ற இன்னொரு கட்டளை வரிக் கருவியும் ஸாப்பியனையே நம்பியிருக்கிறது.

– நாட்மச் மெயிலை இறக்குவதும் இல்லை, அனுப்புவதும் இல்லை. 'பின்வருவனவற்றுள் நாட்மச் செய்யாதது எது?' என்று வந்தால் விடை இதுதான். மெயிலை இறக்க எம்.பி.சிங்க், ஆஃப்லைன்ஐமேப் போன்றவை தனியாக வேண்டும்.

– சொல்லடைவு எப்படி வேலை செய்கிறது? இதைப் புரிந்துகொண்டால் மீதி தானாக வரும். சாதாரணத் தேடலில் கணினி ஒவ்வொரு மெயிலாகத் திறந்து 'இதில் அந்தச் சொல் உண்டா?' என்று பார்க்கும். மெயில் பெருகப் பெருக நேரமும் பெருகும். சொல்லடைவு இதைத் தலைகீழாக்குகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் மெயில்களின் பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறது. 'குன்னூர்', 'பாக்கி' என்று இரண்டு சொல் கேட்டால் இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருப்பதை எடுத்தால் போதும், ஒரு மெயிலையும் திறக்க வேண்டியதில்லை.

– 'நாட்மச் நியூ': புதிதாக வந்த மெயில்களைச் சொல்லடைவில் சேர்க்கும் கட்டளை. முதல் முறை நேரம் பிடிக்கும். அடுத்த முறையிலிருந்து மாறிய கோப்புறைகளை மட்டும் பார்ப்பதால் சட்டென்று முடியும். புது மெயிலுக்கு இயல்பாக ஒட்டப்படும் குறிச்சொற்கள் இரண்டு: 'அன்ரெட்', 'இன்பாக்ஸ்'.

– மற்ற கட்டளைகள்: சர்ச், ஷோ, டேக், கவுன்ட், ரிப்ளை, டம்ப், ரீஸ்டோர். இயல்பாக 'சர்ச்' உரையாடல் இழைகளைக் காட்டும், 'கவுன்ட்' மெயில்களை எண்ணும். இரண்டின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

– இழை எப்படிச் சேர்கிறது? மெயில் தலைப்பகுதியில் உள்ள மெசேஜ்-ஐடி, இன்-ரிப்ளை-டு, ரெஃபரன்சஸ் ஆகிய புலங்களைப் பார்த்து. ஒரே மெசேஜ்-ஐடி உள்ள மெயில் இரண்டு கோப்புறைகளில் கிடந்தாலும் நாட்மச்சுக்கு அது ஒரே மெயில்தான்.

குன்னூர் ஏலத்தை வைத்துப் பார்ப்போம்

– முதலில் தேர்வுத் தகவல்: குன்னூர் தேயிலை ஏல மையம் தொடங்கியது 1963. சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கான கூட்டமைப்பு இன்கோசர்வ், 1965, தலைமையகம் குன்னூர், உறுப்புத் தொழிற்சாலைகள் 16. தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தலைமையகமும் குன்னூரே. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழருக்கு வேலை தருவது அதன் தொடக்க நோக்கங்களில் ஒன்று (சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 1964).

– ஏலம் வாரந்தோறும். ஒவ்வொரு விற்பனைக்கும் எண் உண்டு, ஒவ்வொரு லாட்டுக்கும் எண்ணும் கிரேடும் உண்டு. கட்டபெட்டு தொழிற்சாலையின் டஸ்ட் ரகத்துக்கு வந்த விலை பற்றி ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 'கட்டபெட்டு' கோப்புறையில் போடுவதா, 'டஸ்ட்' கோப்புறையில் போடுவதா, அந்த வார 'விற்பனை' கோப்புறையிலா? கோப்புறை என்றால் ஒன்றைத்தான் தேர முடியும், இல்லாவிட்டால் நகல் எடுக்க வேண்டும். குறிச்சொல் என்றால் மூன்றையும் ஒட்டலாம், மெயில் இருந்த இடத்திலேயே இருக்கும். 2004இல் ஜிமெயில் 'லேபிள்' என்று கொண்டுவந்ததும் இதே எண்ணம்தான்.

– ஒட்டும் முறை: 'நாட்மச் டேக்', பிறகு +ஏலம் −அன்ரெட், பிறகு இரட்டைக் கோடு, அதன்பின் தேடல் வரி. கூட்டல் ஒட்டும், கழித்தல் நீக்கும். குறிச்சொல் எது, தேடல் வரி எது என்று பிரித்துக் காட்டத்தான் இரட்டைக் கோடு.

– தேடல் முன்னொட்டுகள்: ஃப்ரம், டு, சப்ஜெக்ட், டேக், டேட், அட்டாச்மென்ட், ஃபோல்டர், த்ரெட், ஐடி. ஒவ்வொன்றின் பின்னும் முக்காற்புள்ளி. தேதி வரம்புக்கு நடுவில் இரண்டு புள்ளி.

– பலர் தவறவிடும் நுணுக்கம்: இரண்டு சொல்லை வெறுமனே அடுத்தடுத்து எழுதினால் 'ஆண்ட்' என்று பொருள். ஆனால் ஒரே முன்னொட்டு இரண்டு முறை வந்தால் அது 'ஆர்' ஆகிவிடும். 'டேக்:ஏலம் டேக்:டஸ்ட்' என்று எழுதினால் இரண்டில் ஒன்று இருந்தாலும் வந்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் நடுவில் 'ஆண்ட்' எழுதியே ஆக வேண்டும்.

– ஏலக் கேட்டலாக் பி.டி.எஃப். இணைப்பாக வந்தால் கோப்பின் பெயரைத்தான் தேட முடியும், உள்ளே அச்சான லாட் எண்ணைத் தேட முடியாது. மெயிலின் உரைப் பகுதிகள் மட்டுமே சொல்லடைவில் ஏறும். அனுப்புகிறவர் லாட் எண்ணை மெயிலிலும் ஒரு வரி தட்டிவிட்டால் பிறகு தேடுகிறவருக்கு அது பெரிய உதவி.

– 'டெலீட்டட்' என்று குறிச்சொல் ஒட்டினால் மெயில் அழியாது. அமைப்பின்போது 'டெலீட்டட்', 'ஸ்பாம்' இரண்டும் விலக்குப் பட்டியலில் வைக்கப்படுவதால் தேடலில் கண்ணில் படாது, அவ்வளவே. கோப்பு வட்டில் பத்திரமாக இருக்கும்.

– குறிச்சொற்கள் இருப்பது ஸாப்பியன் தரவுத்தளத்தில், மெயில் கோப்பில் அல்ல. தரவுத்தளம் பழுதானால் மெயில் பிழைக்கும், வருடக்கணக்கில் ஒட்டிய குறிச்சொற்கள் போய்விடும். அதற்காகத்தான் 'நாட்மச் டம்ப்': எல்லாக் குறிச்சொற்களையும் ஓர் உரைக் கோப்பாக எழுதித் தரும். 'ரீஸ்டோர்' அதைத் திரும்ப ஏற்றும். எஸ்டேட் பக்கம் மின்சாரம் எப்படிப் போய் வரும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

தமிழில் தேடும்போது

– ஆங்கிலச் சொற்களை நாட்மச் வேர்ச்சொல்லாக்கிப் பதியும். இந்த நுட்பத்தில் பெயர் பெற்றவர் மார்ட்டின் போர்ட்டர் (1980). அவரே வடிவமைத்த ஸ்நோபால் திட்டத்தில் இப்போது தமிழும் உண்டு. ஆனால் நாட்மச் இயல்பாக எடுத்துக்கொள்வது ஆங்கில விதிகளை மட்டும். எனவே 'ஏலம்' என்று தேடினால் 'ஏலத்தில்', 'ஏலத்துக்கு' கிடைக்காது. தமிழில் எழுதும் ஊருக்கு இது பெரிய குறைதான்.

– வழி: சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி. முன்னால் போட முடியாது. 'ஏல*' என்றால் ஏலம் தொடர்பான எல்லாம் வரும், கூடவே ஏலக்காய் வியாபாரியின் மெயிலும் வந்து நிற்கும். 'ஏலம் ஆர் ஏலத்*' என்று எழுதினால் ஏலக்காய் விலகும். ஏலத்தோட்டம் மட்டும் அப்போதும் உள்ளே வரும். அதற்கு 'நாட் ஏலத்தோட்ட*' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.