'பொறுப்பல்ல' என்று எழுதும் முன்

தம்பிக்கு,

அடிபட்டால் நீங்கள் பொறுப்பல்ல என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்க நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத் தாளைப் படித்தேன். ராஜபாளையத்தில் பழைய பஞ்சுக் கிட்டங்கி ஒன்றைப் பிடித்து, பிளைவுட்டில் சரிவு கட்டி, பிள்ளைகளுக்கு ஸ்கேட்போர்டு சொல்லித்தரப் போகிறீர்கள் என்பதில் எனக்கு மெத்தச் சந்தோஷம். நம் பக்கம் ஸ்கேட்டிங் என்றால் காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு பள்ளி மைதானத்தைச் சுற்றுவதுதான். பலகைமேல் ஏறி நிற்பதெல்லாம் கோவளம், மாமல்லபுரம் என்று கடலோரத்தோடு நின்றுவிட்டது. அது மலையடிவாரத்துக்கும் வரட்டும். ஆனால் இந்தத் தாள் தேறாது.

இது அமெரிக்காவில் யாரோ எழுதியது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். வழக்கு வந்தால் கலிபோர்னியா நீதிமன்றத்தில்தான் நடத்த வேண்டும் என்ற வரிகூட மூன்றாம் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. மாவட்டத்துக்குப் பெயர் விருதுநகர் என்றாலும் முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. வழக்கு என்று வந்தால் நீங்கள் பஸ் ஏற வேண்டிய ஊர் அதுதான்.

கலிபோர்னியாவில் அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பு உண்டு. பள்ளியில் நடந்த ஹிப்னாடிச நிகழ்ச்சியில் அடிபட்ட மாணவி ஒருத்தியின் வழக்கில், மகளுக்காகத் தகப்பன் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கலாம் என்று 1990-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இங்கே கதை வேறு. மைனர் செய்த ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1903-இல், மோஹரி பீபி வழக்கில் சொல்லிவிட்டது. சரி, அப்பா கையெழுத்துப் போட்டால்? இந்துக் குடும்பங்களுக்கான 1956-ஆம் ஆண்டு மைனர், கார்டியன் சட்டத்தின் 8-ஆம் பிரிவைப் பாருங்கள். பிள்ளையைச் சொந்தமுறையில் கட்டுப்படுத்தும் எந்த உறுதிமொழியையும் கார்டியன் கொடுக்க முடியாது என்கிறது. அப்பா தன் பங்குக்கு எதை விட்டுக்கொடுத்தாலும் பையனுடைய உரிமை பையனிடமே இருக்கும். அதோடு, சிவில் வழக்கில் அவனுக்கான காலக்கெடு 18 வயது நிறைந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். ஒன்பது வயதில் கை ஒடிந்தவன் மீசை முளைத்தபின் வக்கீலோடு வந்து நிற்கலாம். உங்களிடம் வரப்போகிறவர்களில் பாதிக்கு மேல் பன்னிரண்டு வயதைத் தாண்டாத பிள்ளைகள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பெரியவர்களின் கையெழுத்தாவது காப்பாற்றுமா என்றால், அரைகுறையாகத்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. லில்லி ஒயிட் என்ற சலவைக் கடையில் போட்ட புதுச் சேலை தொலைந்துபோயிற்று. பொருள் தொலைந்தால் அதன் விலையில் 15 சதவீதம்தான் தருவோம் என்று ரசீதின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள். அந்த நிபந்தனை பொதுக் கொள்கைக்கு விரோதம், செல்லாது என்றது நீதிமன்றம். 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. இன்றும் சட்டக் கல்லூரியில் பாடம். நம் ஊர் சைக்கிள் ஸ்டாண்டு டோக்கனில்கூட 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று போடுகிறார்கள். டெல்லி தாஜ் ஹோட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் 1998-இல் திருடுபோனது. சொந்தக்காரரே பொறுப்பு என்று சீட்டில் அச்சடித்திருந்தார்கள். தன் பக்கம் அலட்சியம் இருக்கும்போது ஹோட்டல் அந்த வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. சேலைக்கும் காருக்குமே இவ்வளவு என்றால் பிள்ளையின் மண்டைக்கு என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள்: அலட்சியத்தால் வந்த சாவுக்கும் காயத்துக்கும் உள்ள பொறுப்பை எந்த வணிகரும் ஒப்பந்தம் போட்டுக் கழற்றிவிட முடியாது என்று 1977 முதல் இருக்கிறது. அப்படி ஒரு நேரடிச் சட்டம் நம்மிடம் இல்லாவிட்டாலும் போய்ச் சேரும் இடம் ஏறக்குறைய அதுதான்.

பிள்ளைகள் விஷயத்தில் நீதிமன்றம் எவ்வளவு கண்டிப்பாக இருக்கும் என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். 1995-இல் பஞ்சாபில் ஆசிரியர்களோடு பிக்னிக் போன மாணவர்கள் 14 பேர் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பை 2001-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கூட்டிக்கொண்டு போனவர்கள் பெற்றவர்களைப் போலப் பார்த்துக்கொண்டார்களா என்பதே அங்கே கேள்வி.

உங்களிடமும் அதைத்தான் கேட்பார்கள். ஆகவே 'எங்கள் அலட்சியம் உட்பட எதற்கும் பொறுப்பல்ல' என்ற பத்தியை அடித்துவிடுங்கள். அது உங்களைக் காக்காது. கெட்ட பெயரைத்தான் தரும். நாளைக்கு நீதிபதி முதலில் படிக்கப்போவதும் அந்த வரியைத்தான்.

தாளே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆபத்தைத் தெரிந்தேதான் இறங்கினார்கள் என்று நீங்கள் வாதாட நேர்ந்தால், தெரியப்படுத்தியதற்கு அத்தாட்சி வேண்டும். அதற்கு ஒரே பக்கம் போதும். தமிழில், மில்லுக்கு ஷிப்டு போகும் அம்மா நின்றபடியே படித்து முடிக்கிற மாதிரி. விழாமல் யாரும் இதைக் கற்றதில்லை, மணிக்கட்டு ஒடியலாம், பல் போகலாம், தலையில் அடிபடலாம் என்று மூடிமறைக்காமல் எழுதுங்கள். ஹெல்மெட், முழங்கை உறை, முழங்கால் உறை இல்லாமல் பலகையில் ஏறவிட மாட்டேன் என்று எழுதுங்கள். கலிபோர்னியாவில் ஸ்கேட்போர்டு பூங்கா நடத்துகிறவருக்குச் சட்டமே இந்த மூன்றையும்தான் கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கிருந்து எதையாவது காப்பியடிக்க வேண்டுமானால் அதை அடியுங்கள். வலிப்பு, மருந்து ஒவ்வாமை ஏதும் உண்டா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், அவர்கள் வரும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சம்மதமா என்று கேளுங்கள். அந்தச் சம்மதம் உண்மையிலேயே உபயோகப்படும்.

மாமல்லபுரத்துக் கமலியைப் பற்றிய ஆவணப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெறுங்காலோடு, கவுன் பறக்க அந்தப் பெண் சரிவில் இறங்கும் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. எனக்கும் பிடித்த படம்தான். அதை உங்கள் விளம்பரப் பலகையில் போடாதீர்கள். தாளில் ஒன்றும் சுவரில் ஒன்றுமாக இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை மிச்சம்.

மற்றதெல்லாம் தாளுக்கு வெளியே. தினமும் காலையில் சரிவைக் கையால் தடவிப் பாருங்கள். திருகாணித் தலை எங்காவது எழும்பியிருக்கும். பலகையும் தரையும் சேரும் இடத்தில் இடைவெளி விட்டிருக்கும். சிறு கல் ஒன்று போதும், சக்கரம் நின்றுவிடும், பையன் நிற்க மாட்டான். ஐப்பசி மழையில் கிட்டங்கிக் கூரை ஒழுகினால் அன்றைக்கு வகுப்பு கிடையாது. கட்டணம் வாங்கியாயிற்றே என்று பார்க்காதீர்கள். பார்த்ததை, சரிசெய்ததை, விழுந்தவர்களை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். சாட்சிக் கூண்டில் அந்த நோட்டு பேசுகிற அளவுக்குக் கையெழுத்துத் தாள் பேசாது. முதலுதவிப் பெட்டிக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை, பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி கப்பலேறிப் போகிறது!

போலீஸ் வழக்கு தனி. வாட்பயிற்சி செய்ய ஒப்புக்கொண்ட இருவரில் ஒருவருக்கு, விதி மீறாத ஆட்டத்தில் அடிபட்டால் குற்றமில்லை என்று பழைய தண்டனைச் சட்டத்திலேயே உதாரணம் இருந்தது. இப்போதைய நியாய சன்ஹிதாவில் அது 25-ஆம் பிரிவு. சிலம்பத்துக்கும் பலகைக்கும் அதே நியாயம்தான். ஆனால் அந்தப் பிரிவு 18 வயதைத் தாண்டியவர் தரும் சம்மதத்துக்கு மட்டும். அலட்சியத்தால் பிறர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து விளைவிப்பது 125-ஆம் பிரிவு. அதை எந்தத் தகப்பன் கையெழுத்தும் தடுக்காது.

காப்பீடு எடுங்கள். பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா திட்டம் வருடத்துக்கு 20 ரூபாய்தான். உங்களுக்கும் உதவியாளருக்கும் இன்றே போட்டுவிடலாம். ஆனால் அது விபத்துச் சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், 18 வயதுக்கு மேல்தான். பிள்ளைகளுக்குக் குழு விபத்துக் காப்பீடும், உங்கள்மேல் வரும் இழப்பீட்டுக் கோரிக்கைக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடும் தனித்தனியாக வேண்டும். பாலிசியை வாங்கும் முன்பே 'விளையாட்டுப் பயிற்சி' விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். விலக்கியிருந்தால் பிரீமியம் தண்டம்.

வரும்போது கிட்டங்கியின் வாடகைப் பத்திரத்தையும் கொண்டு வாருங்கள். 'சரக்கு வைத்துக்கொள்ள மட்டும்' என்று அதில் இருந்தால், உங்கள் தாளைத் தொடும் முன்பு வீட்டுக்காரரிடம் போய் அந்த வரியை மாற்ற வேண்டும்.

அன்புடன்,
ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் அண்ணன்