ஓட்டுக்கு அடியில் என்ன போடுவது?

கேள்வி: பெங்களூரு வீட்டில் பலகைக் கூரையின் மேல் மங்களூர் ஓடு வேய்கிறோம். அடியில் ஷீட் தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. காற்றோடு சாய்ந்தடிக்கும் சாரல் ஓட்டின் இணைப்புகள் வழியே நுழைந்துவிடும். பெங்களூருக்கோ இரண்டு பருவமழையும் உண்டு.

பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அவ்வகை ஓடு வேய்ந்த பழைய வீடுகள் பலவற்றில் அடியில் தட்டையான சீலிங் ஓடும் இருக்கும். அது வெயிலையும் தணிக்கும்.

இன்று பலகைக்கு மேல் நீராவியை வெளியேவிடும் மெம்பிரேன்தான் நல்ல தேர்வு. தார் ஷீட் மழையைத் தடுக்கும், ஆனால் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். காற்றோட்டம் இல்லாவிட்டால் பலகை உளுத்துப்போகும்.

விரிக்கும் முறை அதைவிட முக்கியம். இறவாரத்தில் தொடங்கி மேலேறி, மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மீது ஆறு அங்குலமாவது ஏறி நிற்க வேண்டும். அதன்மேல் சரிவுவாக்கில் மெல்லிய சட்டங்கள், பிறகுதான் குறுக்கு ரீப்பர். நேரடியாக ரீப்பர் அடித்தால் கசிந்த நீர் இறங்க வழியின்றி அங்கேயே தேங்கும்.