மாவு அரைத்த எலும்பு

விவசாயம் வந்தபோது பெண்கள் உடம்பு பட்ட பாட்டை இந்த மாதம் பார்ப்போம்.

சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் அபு ஹுரேரா என்று ஒரு பழைய ஊர். சுமார் 13,000 வருஷத்துக்கு முன் அங்கிருந்தவங்க மான் வேட்டையாடி, காட்டுத் தானியம் பறிச்சுச் சாப்பிட்டாங்க. பிற்காலத்தில் கோதுமை விதைச்சு, ஆடு வளர்த்தாங்க. அணைத் தண்ணீரில் மூழ்கும் முன், 1972, 1973-ல் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தார்கள்.

கிடைத்த பெண்களின் எலும்புகளில் கால் பெருவிரல் மூட்டு தேய்ந்திருந்தது. முழங்கால், முதுகிலும் அதே கதைதான். முட்டிபோட்டு, தினமும் பல மணி நேரம் கல்லில் மாவு அரைத்ததால் வந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அம்மியில் அரைத்த நமக்கு அந்த வலியைச் சொல்லவா வேண்டும்? ஆனாலும் குழுவில் தினசரி வேலைக் கணக்கு எழுதச் சொன்னால், அடுப்படி வேலையை விட்டுட்டுத்தானே எழுதுறோம்!

மாவில் கிடந்த கல்லும் உடையாத தானியமும் அவங்க பல்லையும் உடைத்தன. பின்னாளில் சல்லடை வந்த பிறகு அது குறைந்ததாம்.